வாழைமர நோட்டும் பழங்கடனும்

ஜொகூர் மாநிலத்து மூவாரில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார்க்குத் தலைமை வங்கி என ஒன்றில்லை. ஒவ்வொரு கடையும் தன் பேரேட்டைத் தானே பேணியது. நம்பிக்கையே அவற்றைப் பிணைத்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் ஜொகூரைக் கைப்பற்றினர். அவர்கள் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால், மக்கள் அதனை ‘வாழைமர நோட்டு’ என்றனர். வரம்பின்றி அச்சிட்டதால் அதன் மதிப்பு வீழ்ந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியாக வாங்கிய கடனைப் பலர் அத்தாளால் அடைத்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டதும் அது செல்லாத் தாளாயிற்று.

அடைத்த கடன் தீர்ந்ததுதானா? வாங்கியவர் அன்று செல்லுபடியான பணத்தையே கொடுத்தார். கடைக்காரரிடம் எஞ்சியதோ வெறுந்தாள். 1948-ஆம் ஆண்டு மலாயாச் சட்டம் நடுவழி கண்டது. பொதுவாக, 1943 இறுதிவரை செலுத்தியது முழுமையாகச் செல்லும். பின்னர்ச் செலுத்தியது மதிப்பு வீழ்ச்சிக்கேற்பக் குறைத்துக் கணக்கிடப்பெறும். நாணய விதியை மாற்றுவோர் பழங்கடனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.