தூதரக வாசலுக்கு முன் ஒரு வரிசை

வெளிநாட்டு உறவினரின் திருமணத்துக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவருக்கு, கொழும்புத் தூதரகம் நேர்முக நாள் குறித்துத் தந்தால் மட்டும் போதாத காலம் ஒன்று இருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி முகமாலையில் மூடப்பட்டது. குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதி வேண்டும்; அதன்பின் கப்பலிலோ விமானத்திலோ இடமும் வேண்டும். தூதரகம் குறித்த நாள் இவற்றுக்காகக் காத்து நிற்பதில்லை.

2009இல் போர் முடிந்தது. 2010 நவம்பரில் இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த முதல் வரிசை மறைந்துவிட்டது.

இரண்டாவது வரிசை மறையவில்லை. அமெரிக்க விசா நேர்முகத்துக்கு இன்றும் கொழும்புக்கே செல்ல வேண்டும். அவசர நேர்முகச் சலுகை மரணம், மருத்துவம் போன்றவற்றுக்கு உண்டு, திருமணத்துக்கு இல்லை. ஆகவே முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.