ஒரு பெயர், பல புழுக்கள்: கேப்பிடெல்லா கேப்பிடேட்டாவின் வகைப்பாட்டு வரலாறு

கிரீன்லாந்தில் 1768 முதல் 1773 வரை சமயப் பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் ஓட்டோ ஃபாப்ரீசியஸ், அந்நிலத்தின் உயிரினங்களைப் பற்றி 1780இல் இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சிறு கடற்புழுவுக்கு லும்ப்ரிகஸ் கேப்பிடேட்டஸ் என்று பெயர் வைத்தார். லும்ப்ரிகஸ் மண்புழுவின் பேரினம். கடற்புழுவுக்கு மண்புழுவின் பெயரா என்று இன்று சிரிக்கலாம். பக்கக்கால்கள் துருத்தாத, மெலிந்து சிவந்த அந்த உடலைப் பார்த்தவர் சிரிக்கமாட்டார். 1828இல் பிளான்வில் என்ற ஆய்வாளர் அதற்குக் கேப்பிடெல்லா என்ற தனிப் பேரினத்தை வகுத்தார்.

அதன்பின் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. எந்தக் கடலின் சேற்றை அரித்தாலும் இதே சாயலில் ஒரு புழு கிடைத்தது. கிடைத்ததெல்லாம் கேப்பிடெல்லா கேப்பிடேட்டா ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க ஃபாப்ரீசியஸின் மாதிரி எதுவும் எஞ்சவில்லை. புழுவின் உடலிலும் பிடிமானம் குறைவு. நுண்ணோக்கியில் முன்னுடலின் ஒன்பது கண்டங்களைப் பார்த்தால், முதல் சில கண்டங்களில் மயிர்போன்ற நுண்முட்கள், அடுத்து முக்காடிட்ட கொக்கிகள், ஆணின் எட்டாம் ஒன்பதாம் கண்டங்களின் முதுகில் தடித்த இனப்பெருக்க முட்கள். மயிர்முள் முடிந்து கொக்கி தொடங்கும் கண்டத்தைக் கொண்டு சிற்றினம் பிரிக்கலாமென்றால், புழு வளர வளர அந்த எல்லையே பின்னுக்கு நகர்கிறது. குஞ்சையும் தாயையும் வேறு வேறு இனமென்று எழுதிவிட இது போதும்.

1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகப் பகுதியில் டொனால்ட் ரீஷ் செய்த ஆய்வுகளுக்குப் பின், இப்பெயர் மாசின் அடையாளமாகவும் புழங்கத் தொடங்கியது. 1969 செப்டம்பரில் மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஃபால்மத் அருகே ஃபுளோரிடா என்ற படகு தரைதட்டி எண்ணெய் கொட்டியது. மற்ற உயிர்கள் மடிந்த சேற்றில் கேப்பிடெல்லா பெருகியதை ஜூடித் கிராசல், ஃபிரெடரிக் கிராசல் இருவரும் தொடர்ந்து கவனித்தனர். புழுக்களின் நொதிகளை எலக்ட்ரோபோரெசிஸ் முறையில் பிரித்துப் பார்த்தபோது, ஒரே இனமென நம்பியது குறைந்தது ஆறு உடன்பிறப்புச் சிற்றினங்கள் என்று தெரிந்தது. 1976இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டனர். தோற்றத்தில் பெரிய வேற்றுமை இல்லை. வாழ்க்கை முறை வேறு. சிலவற்றின் இளவுயிரிகள் வாரக்கணக்கில் நீந்தும். சிலவற்றுக்கு நீச்சல் பருவமே கிடையாது.

ஆனால் அவற்றுக்கு முறையான பெயர் உடனே கிடைக்கவில்லை. கேப்பிடேட்டா எதுவென்று தெரியாமல் மற்றவை அதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று எழுதுவது? 2009இல் ஜேம்ஸ் பிளேக் மேற்குக் கிரீன்லாந்துப் புழுவை மறுபடி விவரித்து, எஞ்சாத மூல மாதிரிக்கு ஈடாக அதையே மாற்று வகைமாதிரியாக நிறுவினார். அதே ஆண்டு, அந்த உடன்பிறப்புச் சிற்றினங்களில் அதுவரை முதலாம் எண்ணால் மட்டும் சுட்டப்பட்ட புழு கேப்பிடெல்லா டெலேட்டா ஆனது. 33 ஆண்டுத் தாமதத்தை ஆய்வாளர்களின் சோம்பல் என்று நான் கருதவில்லை. 1780இன் கடனை அடைத்த காலம் அது. 2013இல் டெலேட்டாவின் மரபணுத்தொகை 'நேச்சர்' இதழில் வெளியானது.

இந்தியக் கடற்கரைப் புழுக்களை இனங்காண இன்றும் புரட்டப்படுவது, பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபாவெல் 1953இல் எழுதிய நூல். ஐரோப்பியப் பெயர்கள் பல அதில் நம் புழுக்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. அதை வைத்துப் பெயர் எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். அது உருவத்தைக் காக்கும், ஒரே சாயல் புழுக்களைப் பிரித்தறிய உதவும் டிஎன்ஏவைச் சிதைக்கும். சில புழுக்களையாவது ஆல்கஹாலில் எடுத்துவையுங்கள்.