நான்காம் குழியின் கணக்கு

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே கிழக்கு நோக்கிப் பயணஞ் செய்வோர், திகனையைக் கடந்து சிறிது தூரத்தில் தெல்தெனியவை அடைவர். இன்று அங்குக் காணப்படுவது புதிய நகரம். பழைய தெல்தெனிய மகாவலி நீரின் அடியிலே கிடக்கின்றது. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரத்தில் ஆற்றை மறித்து நின்றமையால், கடைவீதியும் வயல்களும் வீடுகளும் நீர்த்தேக்கத்துள் மறைந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதும், முன்பு அங்கு வாழ்ந்தோர் அவற்றைக் காணச் செல்வதும் உண்டு.

அந்நீர்த்தேக்கத்தின் கரையிலே, ரஜவெல்ல என்னும் இடத்தில், கோல்ப் ஆட்டத்துக்கென்றே ஒரு பெரும் புற்றரை பரந்து கிடக்கின்றது. டொனால்ட் ஸ்டீல் என்னும் ஆங்கிலேயர் வகுத்த அம்மைதானம் 1999ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. கொழும்பிலும் நுவரெலியாவிலும் உள்ள மைதானங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் தம் பொழுதுபோக்குக்காக அமைத்துக்கொண்டவை. அவற்றை நோக்க, தெல்தெனியவுக்கு அணித்தான இம்மைதானம் வயதிற் குழந்தை எனலாம்.

இம்மைதானத்தின் விளிம்பில் நின்று நோக்குவோருக்கு முதலில் வியப்பளிப்பது யாதெனில், ஆட்டத்தைக் கண்காணிக்க அங்கு எவரும் இல்லை என்பதே. கிரிக்கெட்டில் இரு நடுவர்கள் உளர். காற்பந்தாட்டத்தில் ஊதுகுழலுடன் ஒருவர் ஓடுகின்றார். கோல்ப் ஆட்டத்திலோ இருவர் அல்லது மூவர், கோல்களைச் சுமந்துகொண்டு, மேடும் பள்ளமும் மரக்கூட்டமுமாகக் கிடக்கும் நிலத்திலே பல மைல் நடக்கின்றனர். பதினெட்டுக் குழிகளிலும் பந்தை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். நல்ல ஆட்டக்காரர் 73 அடிகளில் முடிக்கவேண்டும் என்பது ரஜவெல்ல மைதானத்தின் அளவுகோல். ஒருவர் எத்தனை முறை அடித்தார் என்பதை யார் எண்ணுவது? உடன் ஆடுபவரே எண்ணி, ஒரு சிறு சீட்டிலே குழி குழியாக எழுதுகின்றார். ஆட்டம் முடிந்ததும், ஆடியவர் அதனைச் சரிபார்த்து ஒப்பமிட்டுக் கையளிக்கின்றார். போட்டியாளர் ஒருவரின் கணக்கை மற்றொரு போட்டியாளர் எழுதும் இவ்வழக்கம், வேறு விளையாட்டுகளில் எளிதிற் காணக்கிடைப்பதன்று. உள்ளங்கை அளவேயான இச்சீட்டினால், உலகில் பெண்களுக்கென நடத்தப்படும் தலையாய கோல்ப் போட்டி ஒன்றில், 1957ஆம் ஆண்டிலே, வென்றவர் தோற்றவரானார்.

அப்போட்டி ஐக்கிய அமெரிக்காவின் பெண்கள் பகிரங்கப் போட்டியாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், வாசிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரிலே அது முதன்முறை நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் பெற்றி ஜேம்சனை வென்று பட்டி பேர்க் விருதைப் பெற்றார். மறு ஆண்டு, நான்கு சுற்றுகளின் மொத்த அடிகளைக் கணக்கிடும் முறை வந்தது. அவ்வாண்டு ஜேம்சன் 295 அடிகளில் முடித்து வாகை சூடினார். நான்கு சுற்றுகளை முந்நூறுக்குக் குறைந்த அடிகளில் முடித்த முதற்பெண் அவரே என்பர்.

பந்தாடிப் பிழைப்பது பெண்களுக்கு அந்நாளில் எளிய வாழ்வாக இருக்கவில்லை. 1950ஆம் ஆண்டிலே பதின்மூன்று பெண்கள் கூடித் தமக்கெனத் தொழில்முறைச் சங்கம் ஒன்றை நிறுவினர். பட்டி பேர்க், பெற்றி ஜேம்சன், ஒலிம்பிக் தடகள வீராங்கனையாகிய பேப் சகாரியாஸ் ஆகியோர் அவருட் சிலர். ஊர் ஊராகக் காரிலே சென்று, தாமே மைதானத்தை ஆயத்தஞ் செய்து, தாமே ஆடி, பிணக்கு எழுந்தால் தாமே கூடித் தீர்ப்பும் வழங்கினர். ஆடுபவரே நீதிபதியுமாக இருப்பதில் உள்ள சங்கடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று தண்டனை பெறும் தோழி நாளைக்கு அதே காரிலே பக்கத்தில் அமர்பவள் அல்லவா? ஆகவே, 1953ஆம் ஆண்டு தொடக்கம் பகிரங்கப் போட்டியை ஐக்கிய அமெரிக்க கோல்ப் சங்கம் பொறுப்பேற்று நடத்தவேண்டும் என அப்பெண்களே வேண்டிக்கொண்டனர். ஆண்களின் பெரும் போட்டியை நடத்தும் சங்கமும் அதுவே. ஆண்களுக்கு எச்சட்டமோ அச்சட்டமே தமக்கும் வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. பின்னர் நடந்ததை எடைபோடுங்கால் இதனை மறத்தலாகாது.

சங்கம் நடத்திய அந்த முதற் போட்டியிலேயே ஜாக்கி புங் என்னும் பெயர் பலரறிய ஒலித்தது. ஹவாய்த் தீவின் ஹொனலூலூ நகரிலே 1921ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1952இல் அமெரிக்கப் பெண்களின் அமெச்சூர் விருதை வென்று, மகிழ்ச்சி தாங்காமல் தம் நாட்டு ஹூலா நடனத்தை ஆடிக்காட்டியவர். ஆட்டத்தைப் போலவே சிரிப்பாலும் கூட்டத்தைக் கவர்ந்தவர். 1953ஆம் ஆண்டுப் பகிரங்கப் போட்டியில் அவரும் டெக்சாசைச் சேர்ந்த பெட்சி றோல்சும் சமமான அடிகளில் நின்றனர். மறுநாள் நடந்த தீர்மான ஆட்டத்தில் றோல்ஸ் வென்றார். றோல்ஸ் அம்மையார் பல்கலைக்கழகத்திலே பௌதிகமும் கணிதமும் கற்றுத் தேறியவர். பதற்றம் அறியாதவர்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1957ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், நியூயோர்க் மாநிலத்தின் மமறொனெக் என்னும் ஊரிலுள்ள விங்ட் புட் கழகத்தில் போட்டி நடைபெற்றது. இறுதி நாளன்று இரு சுற்றுகள், அஃதாவது முப்பத்தாறு குழிகள், ஒரே நாளில் ஆடப்பட வேண்டியிருந்தன. ஜூன் மாத வெயிலில் அது ஆடவருக்கே களைப்பளிப்பது. புங் அம்மையாருடன் இறுதிச் சுற்றிலே இணைந்து ஆடியவர், பத்தாண்டுகட்கு முன் இதே விருதை வென்ற பெற்றி ஜேம்சன். ஒருவர் சீட்டை மற்றவர் எழுதினார்.

புங் இறுதிச் சுற்றை 72 அடிகளில் முடித்தார். நான்கு சுற்றுகளுக்கும் மொத்தம் 298. றோல்ஸ் பெற்றிருந்ததோ 299. ஓரடியால் வெற்றி. பார்வையாளர் ஆரவாரித்தனர். பத்திரிகையாளர் சூழ்ந்துகொண்டனர். நான்கு ஆண்டுகட்கு முன் கைநழுவிய விருது, அன்று வென்றவரையே பின்தள்ளித் தம்மிடம் வந்துவிட்டது என்ற பூரிப்பில் அவர் திளைத்தார். அவ்வேளையிலேதான் செய்தி வந்தது.

நான்காம் குழியிலே புங் அடித்தவை ஆறு. ஜேம்சன் அடித்தவையும் ஆறு. ஆனால், ஜேம்சன் புங்கின் சீட்டிலே ஐந்து என எழுதியிருந்தார். புங்கும் ஜேம்சனின் சீட்டிலே ஐந்து என்றே எழுதியிருந்தார். ஒரே குழியில், ஒரே பிழையை, இருவரும் ஒருவருக்கொருவர் செய்திருந்தனர். இருவரும் கவனியாது ஒப்பமிட்டுவிட்டனர். இதிலே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. புங்கின் சீட்டின் அடியில் மொத்தம் 72 எனச் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஏமாற்றும் எண்ணம் எவரிடத்தும் இல்லை என்பதற்கு அவ்வெண்ணே சாட்சி. ஆயினும் விதி தெளிவானது. ஒவ்வொரு குழிக்கும் எதிரேயுள்ள இலக்கத்துக்கே ஆடியவர் பொறுப்பாளி. கூட்டுத்தொகை அவர் பொறுப்பன்று, அது போட்டிச் சபையின் வேலை. எனவே, சரியான கூட்டுத்தொகை பிழையான இலக்கத்தைக் காப்பாற்ற மாட்டாது. உண்மையிற் பெற்றதைவிடக் குறைந்த இலக்கம் எழுதப்பட்ட சீட்டில் ஒப்பமிட்டவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். கூடிய இலக்கமாயின் அக்கூடிய இலக்கமே நிலைக்கும். புங், ஜேம்சன் இருவரும் நீக்கப்பட்டனர். ஓரடி பின்தங்கி நின்ற றோல்ஸ் விருதைப் பெற்றார். இரண்டாமிடம் 305 அடிகளுடன் பட்டி பேர்க்கைச் சேர்ந்தது.

இது கொடுமை என்று அன்றே பலர் கூறினர். ஆயிரக்கணக்கானோர் கண்ணாற் கண்டதைக் காகிதத்தில் எழுதிய ஓர் இலக்கம் எவ்வாறு மறுக்கலாம் என்பது அவர் வாதம். அவ்வாதத்திலே நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பார்வையாளர் நிறைந்த மமறொனெக்கிற்கு ஒரு சட்டமும், ஆளரவமற்ற மைதானத்துக்கு வேறொரு சட்டமும் வகுத்தல் இயலாது. ஒரு மலைச்சரிவின் மறைவிலே, எவரும் காணாத இடத்திலே அடிக்கும் அடியும் கணக்கில் வரவேண்டும் எனின், ஒப்பமிட்ட சீட்டைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லை. தெல்தெனியவின் நீர்க்கரையில் வாரயிறுதியில் ஆடும் ஒருவரின் சீட்டுக்கும் உலக விருதுக்காக ஆடுபவரின் சீட்டுக்கும் மதிப்பு ஒன்றாயிருப்பது இதனாலேயே. விதி கடியதே. எனினும், பெண் என்பதற்காக இரங்கி அதனைத் தளர்த்தியிருப்பின், தமக்கும் அதே சட்டம் வேண்டும் எனக் கேட்ட அப்பெண்களுக்கு அதனினும் பெரிய அவமதிப்பு வேறு இருந்திராது.

ஆடவருக்கும் அவ்விதி இரங்கவில்லை என்பது 1968ஆம் ஆண்டிலே தெரியவந்தது. ஓகஸ்டா நகரில் நடைபெறும் மாஸ்டர்ஸ் போட்டியில், ஆர்ஜன்டீன வீரர் றொபேர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் நான்கு என எழுதினார். அதனைக் கவனியாது அவர் ஒப்பமிட்டார். அன்று அவருடைய பிறந்தநாளும்கூட. கூடிய இலக்கம் ஆகையால் அவர் நீக்கப்படவில்லை. ஆனால் அந்த ஓரடியால் தீர்மான ஆட்டத்துக்கான வாய்ப்பு போயிற்று.

விங்ட் புட் கழகத்தார் சட்டத்தை மாற்ற முனையவில்லை. மாறாக, கழக அங்கத்தவரும் பார்வையாளரும் பத்திரிகையாளருமாகத் தம்முள்ளே பணம் திரட்டினர். திரட்டிய தொகை, றோல்சுக்குக் கிடைத்த முதற்பரிசாகிய 1,800 டொலரை விஞ்சியது. விருது ஒருவருக்கு, பரிசினும் மிக்க பணம் மற்றவருக்கு என முடிந்த போட்டி அது. சட்டமும் மனித நெஞ்சமும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்தன எனலாம்.

றோல்ஸ் அம்மையார் 1960ஆம் ஆண்டிலே நான்காம் முறையாகவும் அவ்விருதை வென்றார். பிற்காலத்தில் போட்டிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1980இல், ஆடவரின் அமெரிக்கப் பகிரங்கப் போட்டிக்கான விதிச் சபையில் இடம்பெற்ற முதற்பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. விதியினால் விருது பெற்றவர் விதியின் காவலரானார். 2023ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அப்போட்டியின் பரிசுப்பணம் பின்னர் வளர்ந்த வளர்ச்சி மலைப்பூட்டுவது. 2022ஆம் ஆண்டு வென்ற அவுஸ்திரேலிய வீராங்கனை மின்ஜி லீ பெற்றது 18 இலட்சம் டொலர். 1957ஆம் ஆண்டுப் பரிசின் சரியாக ஆயிரம் மடங்கு. ஓரடியின் விலையும் அவ்வாறே உயர்ந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஓரே ஓரடியால் வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காமிடத்தில் நின்றதை இந்நாட்டிலும் பலர் விழித்திருந்து பார்த்தனர்.

ஜாக்கி புங் அம்மையார் பெண்கள் பகிரங்கப் போட்டியை ஒருபோதும் வென்றாரல்லர். பின்னாளில் ஹவாயிலே பயிற்றுநராகி, புதியவர்களுக்குக் கோலைப் பிடிக்கும் முறை கற்பித்தார். 1967ஆம் ஆண்டு பெண்கள் சங்கம் அவரை அவ்வாண்டின் சிறந்த ஆசிரியராகத் தெரிவுசெய்தது. 2017ஆம் ஆண்டு தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மறைந்தபோது, உலகப் பத்திரிகைகள் வெளியிட்ட இரங்கற் குறிப்புகளில் அவர் வென்ற போட்டிகளுக்கு முன்னதாகவே அந்த நான்காம் குழி இடம்பெற்றிருந்தது.