மைசூர் யோகசாலையும் தன்னம்பிக்கையின் வரலாறும்

யோகப் பயிற்சியால் தன்னம்பிக்கை வளரும் என்பது இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகிவிட்டது. பழைய யோக நூல்களைப் புரட்டினால் இவ்வுறவு ஏறக்குறைய தலைகீழாகவே அமைந்திருப்பதைக் காணலாம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமர் தம் ஹடயோகப் பிரதீபிகையில் யோகம் கைகூடத் துணைநிற்பவை ஆறு என்று வகுக்கும்போது, உற்சாகம், சாகசம், தைரியம், தத்துவஞானம், நிச்சயம், மக்கள் கூட்டத்தை விட்டு விலகுதல் என்று அடுக்குகிறார். இங்கே தைரியமும், உறுதிப்பாடு என்னும் பொருளுடைய நிச்சயமும், பயிற்சியின் பலனாக அல்லாமல் அதைத் தொடங்குவோன் கையோடு கொண்டுவர வேண்டிய முதலாகவே கொள்ளப்படுகின்றன. பதஞ்சலியின் யோகசூத்திரமும் சிரத்தை, வீரியம் ஆகியவற்றைச் சமாதிக்கு முன்னே வைக்கிறது. வியாசரின் பெயரால் வழங்கும் உரையோ சிரத்தையை யோகியைக் காக்கும் தாய்க்கு ஒப்பிடுகிறது. தமிழில் அட்டாங்கயோகத்தை விரித்துரைக்கும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் உடலைப் பேணுவதன் நோக்கம் உலகியல் துணிவைப் பெறுவதன்று. இன்னும் கூர்ந்து நோக்கினால், தன்னம்பிக்கை என்னும் சொல்லின் முதலில் நிற்கும் ‘தன்’ என்பதே பதஞ்சலிக்கு ஐயத்துக்குரியது. ‘நான்’ என்னும் உணர்வாகிய அஸ்மிதையை அவர் ஐவகைக் கிலேசங்களுள், அதாவது மனத்தை வருத்தும் மாசுகளுள், ஒன்றாக எண்ணினார்.

முதலாக இருந்தது பலனாக மாறிய காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஆகும். மெக்காலே 1841இல் எழுதிய கட்டுரையில் வங்காளிகளின் உடல் வலுவற்றது என்று இகழ்ந்ததும், 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய ஆட்சி சில சாதியினரை மட்டும் ‘போர்க்குடிகள்’ என்று பிரித்துப் படையில் சேர்த்ததும், படித்த இந்தியர் மனத்தில் ஆறாத வடுவாயின. ஆளப்படுவதற்குக் காரணம் உடலின் மெலிவே என்ற எண்ணம் வேரூன்றிய அந்நாளில், 1897இல் சென்னைக்கு வந்த விவேகானந்தர் இளைஞர்களுக்குக் கீதையைக் காட்டிலும் கால்பந்தையே முதலில் பரிந்துரைத்தார். பளுதூக்கிப் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். 1920இல் ஹாரி பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்த உடற்பயிற்சி அலைக்கு விடையாகவும் அதன் பங்காளியாகவும் யோகம் புத்துருக்கொண்டது. 1918இல் பம்பாயில் யோகேந்திரர் ஒரு நிலையத்தை நிறுவினார். 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய குவலயானந்தர், ஆசனங்கள் உடலில் விளைவிக்கும் மாற்றங்களைக் கருவிகளால் அளக்க முற்பட்டார்.

இம்மாற்றம் முழு வடிவம் பெற்ற இடம் மைசூர். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியை ஒதுக்கி யோகசாலை அமைத்து, அதைத் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் பொறுப்பில் விட்டார். 1888இல் சித்ரதுர்கப் பகுதியில் பிறந்த இவர் காசியிலும் பிற இடங்களிலும் சாத்திரங்களைக் கற்றுப் பட்டங்கள் பெற்றவர். அத்தனை படிப்பும் இருந்தும் வயிற்றுப்பாட்டுக்காகக் காப்பித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளராகச் சிலகாலம் வேலை பார்க்க நேர்ந்தது என்பது, அன்று யோக ஆசிரியனுக்கு ஊரில் இருந்த மதிப்பைக் காட்டப் போதும். அரண்மனையில் அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் துறுதுறுப்பான சிறுவர்கள். அசையாமல் அமரச் சொன்னால் அமராத அவ்வயதினருக்கு ஏற்ப, மூச்சின் எண்ணிக்கையோடு ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்லும் ‘விந்நியாசம்’ என்னும் தொடர்முறை அங்கே வளர்ந்தது. அரண்மனையில் ஏற்கெனவே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் சுவடியில் 122 ஆசனங்களின் ஓவியங்கள் இருந்தன. அவற்றுள் சில மல்லர்களின் பயிற்சியையும் கயிற்றுப் பயிற்சியையும் நினைவூட்டுபவை. இவ்வாறு பழமையும் புதுமையும் கலந்த ஒன்றை ‘கலப்படம்’ என்று ஒதுக்குவது எளிது. வாழும் மரபு எதுவும் கலக்காமல் வளர்ந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1934இல் கன்னடத்தில் வெளிவந்த கிருஷ்ணமாச்சாரியாரின் யோக மகரந்தம் இம்முறைக்கு நூல்வடிவம் தந்தது.

யோகசாலையின் இன்னொரு பணி செய்துகாட்டல். மன்னரின் ஆதரவில் ஊர் ஊராகச் சென்று, ஐயத்தோடும் வேடிக்கை மனத்தோடும் கூடிய மக்கள்முன் கடினமான ஆசனங்களைக் காட்டி யோகத்தின்பால் மதிப்பை ஏற்படுத்துவதே அதன் நோக்கம். சுவாத்மாராமர் விலகச் சொன்ன கூட்டத்தின் நடுவிலேயே யோகம் இப்போது தன்னை நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரின் இளமை இதற்குச் சான்று. 1918இல், விஷக்காய்ச்சல் பரவிய நாளில், கோலார் பகுதியிலுள்ள பெள்ளூரில் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாட்டப்பட்டவர் அவர். 1934இல் தம் அக்காள் கணவராகிய கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூருக்கு வந்தபோது அவர் உடல் முன்குனியவும் இடங்கொடாத நிலையில் இருந்தது. கால்களை முன்னும் பின்னும் நேர்கோட்டில் நீட்டும் அனுமனாசனத்தை, முன்பயிற்சியின்றி, அவையில் குருவின் கட்டளைப்படி செய்து தொடைத் தசைநார் கிழிந்து நெடுநாள் துன்பப்பட்டதை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அச்சத்தில் பிறந்த துணிவு நம்பிக்கையாகுமா என்னும் கேள்வி இங்கே எழாமல் இராது. அவர் வாழ்க்கையை நோக்கினால், நம்பிக்கை முளைத்த இடம் மேடையன்று என்றே தோன்றுகிறது. 1937இல் புணேயில் கற்பிக்க அனுப்பப்பட்டபோது மொழியும் அறியாத, பத்தொன்பது வயதும் நிரம்பாத அவருக்கு முன் நின்ற மாணவர்களுட் பலர் அவரினும் மூத்தவர்கள், வலியவர்கள். கேட்டறியக் குரு அருகில் இல்லாத நிலையில், ஒவ்வோர் ஆசனத்திலும் எந்த எலும்பு எங்கே நிற்கிறது, எத்தசை இழுபடுகிறது என்பதைத் தம் உடம்பிலேயே நாள்தோறும் பலமணி நேரம் சோதித்து அவர் கற்றார். ஏறத்தாழ 600 படங்களுடன் 1966இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலும், இயலாதவர்க்கும் ஆசனத்தை எட்டச் செய்யும் வார், மரக்கட்டை, நாற்காலி முதலிய துணைக்கருவிகளும் அத்தனிமையின் விளைச்சல் எனலாம்.

ரிகாவில் பிறந்த இந்திரா தேவி என்னும் பெண்ணை யோகசாலையில் முதலில் சேர்க்க மறுத்த கிருஷ்ணமாச்சாரியார், மன்னரின் பரிந்துரையால் இணங்கினார். 1940களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் அவ்வம்மையார் தொடங்கிய பயிற்சிக்கூடத்தின் வழியாக யோகம் அமெரிக்கரின் சுயமுன்னேற்ற ஆர்வத்தோடு கைகோத்தது. நாட்டின் மானத்துக்காகத் தேடப்பட்ட உறுதி, தனிமனிதரின் மனநிறைவுக்கான சரக்காக அங்கே உருமாறியது. இன்று நம்மூர்ப் பயிற்சி வகுப்புகளில் புழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சில் பாதி, கடல்கடந்து போய்த் திரும்பி வந்ததே.

மைசூர் யோகசாலை 1950இல் மூடப்பட்டது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவருக்கு உதவ அழைக்கப்பட்ட கிருஷ்ணமாச்சாரியார் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். கூட்டமாகச் சிறுவர்களைத் தாவவைத்த ஆசிரியர், இங்கே ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எதிரில் அமர்த்தி, அவருடைய வயது, நோய், தொழில், மூச்சின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சியை வகுப்பவரானார். கையைத் தலைக்குமேல் முழுதாக உயர்த்த இயலாதவருக்கு, இயன்ற அளவுக்கு உயர்த்தி மூச்சை நிறுத்தி இறக்குவதே அன்றைய ஆசனமாயிற்று. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இம்முறையையே தொடர்ந்தது. 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது கிருஷ்ணமாச்சாரியார் அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையில் கிடந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார் என்று அவருடைய மாணாக்கர் கூறுவர்.