பெருக்காமலே கிடைத்த கர்ணம்

செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 4, 3 என்றால் கர்ணம் 5 என்று பள்ளிப் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதையே கணினிக்குச் சொல்லித்தர உட்காருகிறவர் எழுதுவது இரண்டு வர்க்கம், ஒரு கூட்டல், ஒரு வர்க்கமூலம். கோணமும் வேண்டுமென்றால் தலைகீழ் டேன். எந்த நிரல்மொழியிலும் நாலைந்து வரிக்கு மேல் ஆகாது. வர்க்கமூலமும் டேனும் போடத் தெரிந்த ஒன்று ஏற்கெனவே உள்ளே இருப்பதால்தான் அத்தனை சுருக்கம். பெருக்கவே தெரியாத ஒரு கருவியிடம் இதே கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி 1956-ல் ஒரு பொறியாளர் முன் நிஜமாகவே வந்து நின்றது.

டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் கான்வேர் நிறுவனம் அப்போது பி-58 குண்டுவீச்சு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். அதன் வழிகாட்டும் கணினியில் கோணக் கணக்கைச் செய்தது ரிசால்வர் என்ற சுழலும் மின்கருவி. அதன் துல்லியம் போதவில்லை. அந்த இடத்தில் டிஜிட்டல் கருவி ஒன்றை வைக்க வழி தேடும் வேலை ஜாக் வோல்டர் என்ற பொறியாளரிடம் வந்தது. அன்றைய டிஜிட்டல் சுற்றுகளுக்குக் கூட்டல், கழித்தல் எளிது. இரும எண்ணை ஓரிடம் வலப்பக்கம் தள்ளிப் பாதியாக்குவதும் எளிது. பெருக்கல்தான் நேரத்தைத் தின்றது.

பொறியாளர்கள் மேசையில் கிடக்கும் ஒரு கையேட்டின் 1946-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த கோண வாய்பாட்டைப் பார்த்ததும் வோல்டருக்குப் பொறி தட்டியது. ஒரு கோட்டை எந்தக் கோணத்துக்கும் சுழற்றலாம். ஆனால் டேன் மதிப்பு 1, 1/2, 1/4, 1/8 என்று பாதிபாதியாக வரும் கோணங்களுக்கு மட்டும் சுழற்றினால் பெருக்கலே வேண்டாம். அவை 45 பாகை, 26.565, 14.036, 7.125 எனக் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுழற்சிக்கும் எண்ணைத் தள்ளி, கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும்.

நம் முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். கர்ணத்தைக் கிடைக்கோட்டில் படுக்க வைப்பதுதான் நோக்கம். அகலம் 4, உயரம் 3. முதலில் 45 பாகை கீழே சுழற்றுகிறோம்: அகலம் 4+3=7, உயரம் 3-4=-1. கோடு கிடைக்கோட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆகவே அடுத்த 26.565 பாகையை மேல்நோக்கித் திருப்ப வேண்டும்: அகலம் 7.5, உயரம் 2.5. மறுபடி 14.036 கீழே: அகலம் 8.125, உயரம் 0.625. ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்த்தட்டில் இன்னும் சிறிய படிக்கல்லை வைக்கிற தராசு இது. ஏழாவது சுழற்சி முடியும்போது உயரம் ஏறக்குறைய பூஜ்யம். கூட்டியும் கழித்தும் வந்த கோணங்களின் மொத்தம் 36.915 பாகை. உண்மையான விடை 36.870. இன்னும் சில சுற்றுகள் போனால் இந்தச் சிறு இடைவெளியும் அடங்கிவிடும்.

அகலம் மட்டும் 5-ஆக இல்லாமல் 8.233 என்று நிற்கும். ஒவ்வொரு சுழற்சியும் கோட்டைச் சற்று நீட்டிவிடுகிறது. இந்த முறையில் என்னை ஆழமாகக் கவர்ந்த இடம் இதுதான்: மேலே திருப்பினாலும் கீழே திருப்பினாலும் நீட்சி ஒன்றே. எந்தச் சுழற்சியையும் விட்டுவிடாமல் செய்வதால், எந்த முக்கோணமானாலும் மொத்த நீட்சி சுமார் 1.6468 மடங்குதான். அந்த ஒரே எண்ணால் வகுத்தால் கர்ணம் கைக்கு வந்துவிடும். வர்க்கமூலம் எங்குமே வரவில்லை. கர்ணமும் கோணமும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்தே கிடைக்கின்றன.

நிறுவனத்துக்குள் அறிக்கையாக இருந்த இந்த முறை 1959-ல் ஆய்விதழில் வெளியானது. கார்டிக் என்று பெயர். 1965-ல், கான்வேரில் வோல்டரோடு பணியாற்றிய மால்கம் மக்மில்லன் வழியாக ஹெவ்லெட் பேக்கர்ட் நிறுவனத்தின் வாசலுக்கு வந்தது. டாம் ஆஸ்போர்ன் தனியாகச் செய்து கொண்டுவந்த கணக்குப்பொறியின் வடிவமைப்பும் சேர, 1968-ல் 9100ஏ என்ற மேசைக் கணிப்பான் பிறந்தது. எடை ஏறக்குறைய 18 கிலோ, விலை 4,900 டாலர், உள்ளே ஒரு ஒருங்கிணைந்த சில்லுகூடக் கிடையாது. அது பதின்ம எண்ணில் இயங்கியதால் பாதிபாதியாகக் குறைந்த இடத்தில் பத்தில் ஒன்றாகக் குறையும் கோணங்கள் வந்தன. செங்கோண முக்கோணத்தைத் தீர்க்க அதில் தனி விசையே இருந்தது.

அந்தக் கணிப்பான் சட்டைப்பையில் வைக்கும் அளவுக்குச் சிறுக்க வேண்டும் என்றார் நிறுவனத்தின் பில் ஹெவ்லெட். 9100ஏ-க்குக் கணக்குமுறைகளை எழுதிய டேவிட் காக்ரன் மறுபடி அமர்ந்தார். கையில் இருந்த இடம் 768 கட்டளைகள். அதற்குள் சைன், கொசைன், டேன், லாகரிதம் எல்லாம் அடங்க வேண்டும். இதைவிடக் கட்டுச்செட்டான நிரலெழுத்து அரிது என்றே நினைக்கிறேன். 1972-ல் 395 டாலருக்கு எச்பி-35 என்ற அந்தச் சட்டைப்பைக் கணிப்பான் வந்தது. பொறியாளர்களின் இடுப்பில் தொங்கிய ஸ்லைடு ரூல் என்ற கணக்கு அளவுகோல் சில ஆண்டுகளில் காணாமல் போனது.

1980-ல் இன்டெலின் 8087 கணக்குச் சில்லிலும் அதே கோணங்களின் பட்டியல் பொறிக்கப்பட்டது. பெருக்கல் சுற்றுகள் வேகமானதும் அதே நிறுவனத்தின் பென்டியம் சில்லு இந்த முறையைக் கைவிட்டுப் பல்லுறுப்புக் கோவைகளுக்கு மாறியது. ஆனால் மின்மோட்டாரை ஓட்டும் சிறு சில்லுகளில் இன்றும் கார்டிக்குக்கென்றே தனிச் சுற்று வைக்கிறார்கள். பி-58 விமானம் 1970-லேயே படையிலிருந்து விலக்கப்பட்டது. அணுகுண்டு சுமக்கக் கட்டிய அந்த விமானம் போய், அதற்காகப் பிறந்த கணக்கு மட்டும் தங்கியதில் எனக்கு உண்மையான நிம்மதி உண்டு.

முக்கோணக் கணிப்பான் எழுதிப் பழகுகிறவர்கள் ஒருமுறை இந்த வழியில் எழுதிப் பார்க்க வேண்டும். இருபது கோணங்களின் பட்டியல், ஒரு சுழல், உயரம் நேரா எதிரா என்று ஒரு சோதனை, கடைசியில் 0.60725 என்ற எண்ணால் பெருக்கல். இந்தக் கோணங்களை முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனாலும் 99.88 பாகையைத் தாண்டாது. செங்கோண முக்கோணத்தின் மற்ற இரு கோணங்களும் 90-க்குள்தான் என்பதால், விதிவிலக்குக்கென்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.