நிழலில் காய்க்கும் ஏலம்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே போடிநாயக்கனூர் எழுந்துவிடும். தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியில் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சாக்கு என்று எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். எங்கே என்று கேட்டால், "மலைக்கு" என்பார்கள். எந்தத் தோட்டம், எந்த மாநிலம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் ஏலமலை.

ஏலக்காயை அஞ்சறைப் பெட்டியில் மட்டும் பார்த்தவர்கள் செடியைப் பார்த்தால் திகைப்பார்கள். இஞ்சிக் குடும்பத்துச் செடிதான். ஆனால் ஆள் உயரத்தையும் தாண்டி ஓங்கி நிற்கும். இலைகளுக்கு நடுவே தேடினால் காய் கிடைக்காது. தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில்தான் பூவும் பிஞ்சும் காயும் ஒன்றாக இருக்கும். வெள்ளை இதழில் ஊதாக் கீற்று ஓடிய சின்னப் பூ அது. காய் எடுப்பவர் தூரடியில் குந்தி, சரத்தை ஒரு கையில் ஏந்தி, விளைந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சு அடுத்த சுற்றுக்கு. நாற்பது நாள் கழித்து மறுபடியும் அதே தூருக்கு வருவார். இப்படி ஆண்டுக்குப் பல தடவை முன்னால் வந்து குந்துகிறவருக்கு அது முகம் தெரிந்த செடி. எந்தத் தூர் முந்திக் காய்க்கும், எதில் அழுகல் விழுந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இந்த உறவு தோட்டங்களைவிடப் பழையது.

ஏலம் முதலில் காட்டில் தானாக முளைத்த செடி. காட்டுக்காயை எடுத்து வந்தவர்கள் மலைமக்கள். போடிப் பக்கத்துக் குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்கள் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறினார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பது அவர்கள் வழக்கு.

பிறகு வந்த சாகுபடியும் காட்டை விட்டு விலகவில்லை. ஏலம் வரக்கூடிய ஈரமான இடமாகப் பார்த்து, கீழ்ப்புதரை நீக்கி, பெருமரங்களில் ஒன்றிரண்டை மட்டும் சாய்ப்பார்கள். திறந்த இடத்தில் வெளிச்சம் விழும். மரம் விழுந்த வேகத்தில் மண் கிளறிக்கொள்ளும். அதற்குள் உறங்கிக் கிடந்த ஏல விதைகள் முளைத்து வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு வரை இந்த முறை இருந்தது. சுற்றி நிற்கும் மற்ற மரங்களைத் தொடமாட்டார்கள். நேர்வெயில் பட்டால் ஏலம் கருகிவிடும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம்.

திருவிதாங்கூர் அரசுக்கு இந்தக் காய் பொன்னாக இருந்தது. 1822-ல், ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில், ஏலமலைச் சாகுபடியை ஊக்குவிக்கும் அரசாணை வந்தது. விளைச்சல் அரசின் தனியுரிமை. காய் ஆலப்புழைக் கிடங்குக்குப் போய் அங்கே விற்பனையானது. 'ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1896-ல் தனியுரிமை முடிந்து நிலவரி வந்ததும், கிழக்கு அடிவாரத்துக்கு வழி இன்னும் அகலமாகத் திறந்தது.

அந்த அடிவாரத்தில் இருக்கும் போடி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மேலே கொட்டித் தீர்க்கும்போது கீழிருந்து பார்த்தால் மலைமுகட்டில் மேகம் மட்டும் தெரியும். அந்த மழை விளைவித்த காய்தான் ஊரை வளர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் அரிசியும் பருப்பும் பொதிமாடுகளில் மேலே போயின. ஏலமும் காப்பியும் கீழே வந்தன. மூணாறு தேயிலைக்கும் இதுதான் வாசல்: டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. 1928-ல் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பிறகு மீண்டும் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது.

இடையில் எல்லைக்கோடு விழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஏலமலையின் பெரும்பகுதி ஒரு மாநிலம், அதில் காய் எடுக்கும் கைகளில் பல இன்னொரு மாநிலம் என்றானது. ஆனாலும் விடியற்காலை ஜீப் நிற்கவில்லை.

தமிழில் ஏலம் என்றால் செடி. ஏலம் என்றால் கூவி விற்பதும்கூட. பின்னது 'லெய்லாவ்' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றுசேரும் ஊர் போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் இடுக்கி மாவட்டத்திலும் நடக்கிறது. விலை கணினித் திரையில் ஓடினாலும், மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்துத்தான் வியாபாரி விலை கேட்கிறார். 2019 ஆகஸ்டில் இடுக்கிப் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது.

இந்த ஏலத்துக்கு வரும் காய்க்குப் பின்னால் ஒரு மாற்றம் இருக்கிறது. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்திலேயே நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து 'ஞள்ளானி' என்ற ரகத்தை உருவாக்கினார். பழைய ரகங்களைவிடப் பல மடங்கு காய்க்கும் அது மலை முழுதும் பரவியது. ஒரு விவசாயியின் கண்ணும் கையும் செய்த பெரிய காரியம் அது. ஆனால் கூடுதல் விளைச்சலுக்குக் கூடுதல் வெளிச்சமும் உரமும் மருந்தும் வேண்டியிருந்தது. நிழல் மரக் கவாத்து ஆண்டுக்கு ஆண்டு கடுமையானது. இத்தனைக்கும் கேரளத்து ஏலமலைக் காப்புநிலத்தில் மண் வருவாய்த்துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்பது பழைய ஏற்பாடு. மரம் நின்றால்தான் ஏலம் என்று அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது.

2024 கோடையில் அந்தப் பாடம் திரும்ப வந்தது. வெயிலும் வறட்சியும் சேர்ந்து இடுக்கியில் ஏலச்செடிகள் காய்ந்து சாய்ந்தன. செடி காய்ந்தால் காய் எடுப்பு இல்லை. காய் எடுப்பு இல்லையென்றால் போடித் தெருமுனைக்கு ஜீப் வராது.

ஜூனில் மழை பிடித்ததும் தோட்டங்களில் புதுக் கன்று வைப்பார்கள். அப்போது ஏலக்கன்றோடு பலாவும் சந்தன வேம்பும் வைக்கப்பட வேண்டும். நிற்கும் மரத்தை வெட்டாமல் காக்கும் தோட்டக்காரருக்கு இரு மாநில அரசுகளும் வாரியமும் கைகொடுக்க வேண்டும். அந்த மரங்களின் நிழலில்தான் போடிப் பெண்கள் நாளையும் குந்திக் காய் எடுக்க வேண்டும்.