உள்ளே புகுவதா, வெளியே நிற்பதா?

அமெரிக்கச் சுதந்திரவாதிகளும் பெருங்கட்சிகளும்

கொள்கைப் பற்று மிக்க சிறு கூட்டத்தார் எந்நாட்டு அரசியலிலும் ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். ஆட்சியைப் பிடிக்கும் வலிமையுள்ள பெருங்கட்சி ஒன்றில் சேர்ந்து அதனைத் தம் வழிக்குத் திருப்ப முயல்வதா? அன்றித் தமக்கெனத் தனிக்கட்சி கண்டு கொள்கையைக் கலப்பின்றிக் காப்பதா? முன்னதில் கொள்கை கரைந்துவிடுமோ என்ற அச்சம் உண்டு. பின்னதில் அது ஏட்டளவில் நின்றுவிடுமோ என்ற அச்சம் உண்டு. இவ்விரு வழிகளிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து பார்த்தவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரவாதிகள்.

சுதந்திரவாதிகள் எனப்படுவோர் யாவர்? பிறருக்குத் தீங்கு செய்யாத வரை ஒருவருடைய உடல், உடைமை, தொழில், கருத்து ஆகியவற்றில் அரசு தலையிடலாகாது என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. ஆதலின் வரியும் அரசாங்கச் செலவும் குறைய வேண்டும் என்பதில் அவர்கள் வலதுசாரிகளோடு உடன்படுவர். போரும் கட்டாயப் படைச்சேவையும் தணிக்கையும் கூடா என்பதில் இடதுசாரிகளோடு உடன்படுவர். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டிலும் அவர்களுக்குப் பாதி உறவு, பாதிப் பகை. அவர்களுடைய இக்கட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தேர்தல் முறையின் இயல்பு

அமெரிக்காவில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினரே. மிகுதியான வாக்குப் பெற்றவர் முழு வெற்றியும் பெறுவார். நாடெங்கும் 100-க்கு 10 வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிட்டாமல் போகலாம். இத்தகைய முறை இரு கட்சிகளையே வளர்க்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1951-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மேலும், வாக்குச் சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கே சிறு கட்சிகள் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கையொப்பங்களைத் திரட்ட வேண்டியிருக்கிறது. பிரசாரத்துக்குச் செலவாக வேண்டிய பணமும் உழைப்பும் வாசலைத் தாண்டுவதற்கே தீர்ந்துவிடுகின்றன.

முன்வாசல் இவ்வாறு அடைபட்டிருந்தாலும் பக்கவாசல் ஒன்று திறந்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வேட்பாளரைக் கட்சித் தலைமையே தேர்ந்தெடுப்பது வழக்கம். அமெரிக்காவிலோ 'பிரைமரி' எனப்படும் முன்தேர்தலில் வாக்காளர்களே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1903-இல் விஸ்கான்சின் மாநிலம் இயற்றிய சட்டம் இம்முறை பரவுவதற்கு வழிகாட்டியது. எனவே தலைவர்கள் விரும்பாத ஒருவரும் பெருங்கட்சியின் பெயரைத் தாங்கித் தேர்தலில் நிற்க இயலும்.

இவ்வாசலைத் திறம்படப் பயன்படுத்திய தொடக்ககாலக் கூட்டத்தார் சுதந்திரவாதிகளுக்கு நேர் எதிரான கருத்துடையோர் என்பது குறிப்பிடத்தக்கது. வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் சோஷலிஸ்டுக் கட்சிக்கு ஆள் சேர்த்து வந்த ஆர்தர் டவுன்லி என்பவர், அக்கட்சியின் பெயரால் வெல்ல முடியாது எனக் கண்டார். 1915-இல் விவசாயிகளைக் கொண்டு 'கட்சி சாரா சங்கம்' ஒன்றை அமைத்தார். அச்சங்கத்தின் வேட்பாளர்கள் குடியரசுக் கட்சியின் முன்தேர்தலில் நின்றனர். 1916-இல் அவர்களுள் ஒருவரான லின் பிரேசியர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919-இல் மாநில அரசே நடத்தும் வங்கி நிறுவப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. சங்கத்தார் கட்சியின் பெயரை வாங்கிக்கொண்டனரேயன்றி, உறுப்பினர், நிதி, பத்திரிகை ஆகியவற்றைத் தம் கையிலேயே வைத்திருந்தனர் என்பதை மறத்தலாகாது. பின்வரும் வரலாற்றை அளப்பதற்கு இது நல்ல அளவுகோலாகும்.

கோல்ட்வாட்டரும் கூடா நட்பும்

1964-இல் அரிசோனா மாநிலத்து செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானபோது, பெருங்கட்சி ஒன்று தங்கள் வசமாயிற்று எனச் சுதந்திரவாதிகள் பலர் மகிழ்ந்தனர். அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசி வந்தவர். ஆனால் அவ்வாண்டில்தான் இன ஒதுக்கலைத் தடுக்கும் குடியுரிமைச் சட்டம் செனட் சபைக்கு வந்தது. 1957, 1960 ஆகிய ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்தவரான கோல்ட்வாட்டர் இதனை எதிர்த்து வாக்களித்தார். தனியார் உணவகத்திலும் தொழிலகத்திலும் மத்திய அரசு நுழைவதை அரசியலமைப்பு அனுமதிக்கவில்லை என்பது அவர் கூறிய காரணம்.

தேர்தல் முடிவு யாது? லிண்டன் ஜான்சன் 61 விழுக்காடு வாக்குடன் வென்றார். கோல்ட்வாட்டருக்குக் கிட்டியவை ஆறே மாநிலங்கள். சொந்த மாநிலம் நீங்கலாக மற்ற ஐந்தும் இன ஒதுக்கல் வேரூன்றியிருந்த தென்மாநிலங்கள். மிசிசிப்பியில் அவர் ஏறத்தாழ 87 விழுக்காடு வாக்குப் பெற்றார். அங்கே கறுப்பின மக்களிற் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமைப் பதிவே மறுக்கப்பட்டிருந்தது. சுதந்திரம் என்ற சொல்லை நம்பி வந்தவர் சிலர். பிறர் சுதந்திரத்தைத் தடுப்பதற்கு அச்சொல்லை ஒரு கேடயமாகக் கொண்டவர் பலர். பெருங்கட்சியில் நுழைபவன் தன் கொள்கையை மட்டும் கொண்டு செல்ல இயலாது. அக்கட்சிக்கு வாக்களிப்போர் அனைவருடைய நோக்கங்களோடும் அது கலந்துவிடுகிறது. இக்கறையைத் துடைக்கச் சுதந்திரவாதிகள் நெடுங்காலம் பாடுபட வேண்டியிருந்தது.

நிக்சன் தந்ததும் பறித்ததும்

அடுத்து வந்த ரிச்சர்டு நிக்சன் காலத்தில் உள்ளிருந்து உழைப்பதன் நன்மையும் தீமையும் ஒருங்கே வெளிப்பட்டன. பொருளியல் அறிஞர் மில்டன் பிரீட்மன், கொள்கையால் தாம் சுதந்திரவாதி என்றும், நடைமுறை வசதி கருதியே குடியரசுக் கட்சியைச் சார்ந்ததாகவும் கூறி வந்தவர். கட்டாயப் படைச்சேவையை ஆராய நிக்சன் 1969-இல் அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். தானே விரும்பிச் சேருவோரைக் கொண்டே படை அமைக்கலாம் என்று அக்குழு 1970-இல் பரிந்துரைத்தது. 1973-இல் கட்டாயப் படைச்சேவை முடிவுற்றது. இலட்சக்கணக்கான இளைஞர்களின் வாழ்வைத் தொட்ட மாற்றம் இது. வெளியே நின்று முழங்கியிருந்தால் மட்டும் இது கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

எனினும் அதே நிக்சன் 1971 ஆகஸ்டு 15-ஆம் நாள், ஊதியத்தையும் விலைவாசியையும் 90 நாள்களுக்கு உயர்த்தலாகாது எனக் கட்டளையிட்டார். அயல்நாட்டு அரசுகள் டாலருக்கு ஈடாகத் தங்கம் பெறும் உரிமையையும் நிறுத்தினார். தங்கள் கட்சி எனக் கருதிய கட்சியின் அதிபரே சந்தையின் கழுத்தில் கயிறு கட்டியதைக் கண்டு சுதந்திரவாதிகள் திகைத்தனர். அவரைத் தடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? அவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கப் போவதில்லை என்பதை நிக்சன் நன்கறிவார்.

தனிக்கட்சியின் தோற்றம்

இவ்வெறுப்பினின்றும் பிறந்ததே லிபர்ட்டேரியன் கட்சி. டேவிட் நோலன் என்பவரும் அவர் நண்பர்களும் 1971 டிசம்பர் 11-ஆம் நாள் கொலராடோ மாநிலத்தில் இதனைத் தொடங்கினர். 1972 தேர்தலில் தத்துவப் பேராசிரியர் ஜான் ஹாஸ்பர்ஸ் அதிபர் பதவிக்கும், டோனி நேதன் அம்மையார் துணை அதிபர் பதவிக்கும் நின்றனர். இரண்டே மாநிலங்களின் வாக்குச் சீட்டில் அவர்கள் பெயர் இருந்தது. நாடு முழுவதும் கிட்டிய வாக்குகள் நாலாயிரத்திற்கும் குறைவு. ஆயினும் வர்ஜீனியாவில் நிக்சனுக்கு வாக்களிக்க வேண்டிய தேர்வாளரான ரோஜர் மெக்பிரைடு தம் வாக்கை இவர்களுக்கு அளித்தார். அமெரிக்க வரலாற்றில் தேர்வாளர் வாக்குப் பெற்ற முதற்பெண்மணி என்ற சிறப்பு இதனால் நேதன் அம்மையாருக்கு வாய்த்தது.

1980-இல் எட் கிளார்க் 9 இலட்சத்து 21 ஆயிரம் வாக்குகள் பெற்றார். அதுவும் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேலேதான். கட்சி நாடெங்கும் பரவியது. ஆனால் எங்கும் மெல்லியதாகவே பரவியது.

அலாஸ்காவின் பாடம்

அகல உழுவதை விட ஆழ உழுவதே நன்று என்பதைக் காட்டியது அலாஸ்கா. முன்பு குடியரசுக் கட்சியின் சார்பில் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த டிக் ராண்டால்ப், 1978-இல் லிபர்ட்டேரியன் கட்சியின் பெயரால் அம்மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் தொகை குறைந்த அம்மாநிலத்தில் வருமான வரியை ஒழிக்க வேண்டும் என்று கையொப்பம் திரட்டும் இயக்கத்தை அவர் முன்னின்று நடத்தினார். இரு பெருங்கட்சியினரும் மக்கள் மனப்போக்கைக் கண்டு இறங்கி வந்தனர். 1980-இல் அவ்வரி நீக்கப்பட்டது. எண்ணெய்க் குழாய் 1977-இல் இயங்கத் தொடங்கி, அரசின் கருவூலம் நிரம்பியதும் இதற்குப் பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிரம்பிய கருவூலத்தைச் செலவிடும் வழிகளையே தேடும் இயல்புடையவை அரசுகள். அவ்வாறன்றி வரியை நீக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியதில் அச்சிறு கட்சியின் பங்கு பெரிது.

ரான் பால் நடந்த வழி

இரு வழிகளையும் தம் வாழ்விலேயே சோதித்தவர் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவர் ரான் பால். 1976 முதல் சிலகாலம் குடியரசுக் கட்சி உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபையில் இருந்த அவர், அக்கட்சி செலவைப் பெருக்குவதைக் கண்டித்து 1987-இல் விலகினார். 1988-இல் லிபர்ட்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று 4 இலட்சத்து 32 ஆயிரம் வாக்குகளே பெற்றார். 1996-இல் குடியரசுக் கட்சிக்குத் திரும்பினார். கட்சித் தலைவர்கள் அவரை விரும்பவில்லை. முன்தேர்தலில் அவருடைய எதிரியையே ஆதரித்தனர். வாக்காளர்களோ ரான் பாலைத் தேர்ந்தெடுத்தனர்.

சபையில் அவர் தலைவர்களின் சொல்லுக்கு இணங்கி வாக்களித்தவர் அல்லர். அரசியலமைப்பு இடந்தராத எதற்கும் 'வேண்டாம்' என்றே வாக்களித்ததால் 'டாக்டர் நோ' எனப் பெயர் பெற்றார். 2002-இல் ஈராக் போருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தை எதிர்த்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அச்சபையில் அறுவரே. அவர்களுள் அவரும் ஒருவர். 2012-இல் அதிபர் வேட்பாளர் தேர்வுக்காக நடந்த முன்தேர்தல்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அவருக்கு வாக்களித்தனர். மத்திய வங்கியின் கணக்குகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற அவருடைய மசோதா, அவ்வாண்டு பிரதிநிதிகள் சபையில் 327-க்கு 98 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. செனட் சபை அதனை எடுத்துக்கொள்ளவில்லை. தனிக்கட்சியில் அவர் பெற்ற செவிகளைவிடப் பெருங்கட்சியில் பெற்ற செவிகள் மிகப் பல. ஆனால் அவர் பெயரால் நின்ற சட்டங்கள் மிகச் சில.

அண்மைக்கால நிகழ்ச்சிகள்

2016-இல் இரு பெருங்கட்சி வேட்பாளர்கள்மீதும் வெறுப்பு மிகுந்திருந்த வேளையில், நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன் லிபர்ட்டேரியன் கட்சிக்காக 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளை ஈட்டினார். மொத்தத்தில் அது 3 விழுக்காடு. ஒரு தேர்வாளர் வாக்கும் கிட்டவில்லை. 2020-இல் ஜார்ஜியா மாநில செனட் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் 2.3 விழுக்காடு பெற்றார். அதனால் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு அமையவில்லை. 2021 ஜனவரியில் நடந்த மறுதேர்தலில் குடியரசுக் கட்சி அவ்விடத்தை இழந்தது. செனட் சபையின் ஆதிக்கமும் கைமாறியது. வெல்ல முடியாத கட்சியும் பிறரைத் தோற்கடிக்க முடியும் என்பது உறுதியாயிற்று.

இதனை உணர்ந்தே 2024 மே மாதம் டொனால்டு டிரம்ப் அக்கட்சியின் மாநாட்டுக்கு நேரில் வந்து ஆதரவு கேட்டார். கூட்டத்தார் பலர் அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். இணையக் கள்ளச்சந்தை நடத்தியதற்காக 2015-இல் ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பதாக அவர் அங்கே வாக்களித்தார். அத்தண்டனை அளவுகடந்தது என்பது சுதந்திரவாதிகளின் நெடுநாளைய வாதம். கட்சி தன் வேட்பாளரையே நிறுத்தியது. அவருக்குக் கிட்டியது 1 விழுக்காட்டில் பாதிக்கும் குறைவு. டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 2025 ஜனவரி 21-இல், உல்பிரிக்டுக்கு மன்னிப்பு வழங்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் பெரும்பாலான நாடுகளின் பொருள்கள்மீது இறக்குமதி வரியையும் அறிவித்தார். தடையற்ற வணிகத்தைப் போற்றும் சுதந்திரவாதிகளுக்கு இதைவிடக் கசப்பான செய்தி வேறில்லை. ரான் பாலின் புதல்வரும் குடியரசுக் கட்சி செனட்டருமான ராண்டு பால் அதனை வெளிப்படையாக எதிர்த்தார்.

வரலாறு கூறும் விடை

இந்நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்கின் ஒன்று புலனாகும். உள்ளே இருந்ததனால் மட்டும் எவரும் வென்றிலர். வெளியே நின்றதனால் மட்டும் எவரும் தோற்றிலர். 1971-இல் நிக்சனைத் தடுக்க இயலாதவர்கள் உள்ளேதான் இருந்தனர். அலாஸ்காவில் வரியை நீக்கத் தூண்டியவர் வெளியேதான் நின்றார். தம் ஆதரவை அளிக்கவும் திரும்பப் பெறவும் வல்லவராய் இருந்தனரா என்பதே பயனைத் தீர்மானித்தது. வடக்கு டக்கோட்டா விவசாயிகளுக்கு அவ்வலிமையைத் தந்தது அவர்களுடைய சங்கம். ரான் பாலுக்குத் தந்தது அவரையே நம்பிய தொகுதி மக்கள். 2024-இல் சிறு கட்சிக்குத் தந்தது பிறரைத் தோற்கடிக்கக்கூடிய சில ஆயிரம் வாக்குகள்.

அவ்வலிமையாலும் எய்தக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வரி நீங்கும், ஒரு படைச்சேவை முடியும், ஒரு கைதி விடுதலை பெறுவான். ஆட்சியின் போக்கு முழுவதும் மாறிவிடாது. அதற்குப் பெரும்பான்மை மக்களின் உள்ளம் மாற வேண்டும். அப்பணியைக் கட்சிகளைவிட ஆசிரியரும் எழுத்தாளருமே மிகுதியும் செய்ய வல்லவர். பெருங்கட்சியின் வாயிலில் நிற்கும் சிறு கூட்டத்தார் எவராயினும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: உள்ளே சென்றபின் 'உடன்படோம்' என்று சொல்லத் தேவைப்பட்டால், அதைச் சொல்லவும் சொன்னபின் நிலைத்திருக்கவும் நம்மிடம் என்ன இருக்கிறது? அதற்கு விடை கையில் உள்ளவர் எவ்வாசல் வழியாகவும் செல்லலாம்.